ஏழாம் நம்பர்க் குழாய்

தியாகராசா அந்த பிஸ்கட் தகரத்தைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வந்து இறங்கியது 1942ஆம் ஆண்டு ஜனவரி ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணிக்கு. இன்றோ நாளையோ ஜப்பான்காரன் கோலாலம்பூருக்குள் வந்துவிடுவான் என்று பிரிக்பீல்ட்ஸ் முழுவதும் பேச்சு. எங்கோ எண்ணெய்த் தொட்டி எரிந்து வானம் கறுத்திருந்தது. துரைமார் விட்டுப்போன கிடங்குகளை உடைத்து, சனம் அரிசி மூட்டையும் பால் டின்னும் சுமந்து ஓடிக்கொண்டிருந்தது. தம்பியும் ஏதோ சாப்பாட்டுச் சாமான்தான் கொண்டுவருகிறான் என்று நினைத்துத் தங்கரத்தினம் வாசலுக்கு ஓடினாள்.

"என்னடா தம்பி, பால்மாவோ?"

"அதைவிடப் பெறுமதியானது அக்கா. குலுக்காமல் பிடியுங்கோ."

தகரத்துக்குள் செய்தித்தாளில் சுற்றிய பன்னிரண்டு கண்ணாடிக் குழாய்கள். ஒவ்வொன்றின் வாயிலும் பஞ்சு அடைத்திருந்தது. உள்ளே சரிவாக உறைந்த கஞ்சி. அதன்மேல் நத்தை ஊர்ந்த தடம்போல மெல்லிய ஈரம். வேலிக்கு மேலாக எட்டிப்பார்த்த பக்கத்து வீட்டுக் கந்தப்பு வாய்விட்டுச் சிரித்தார். ரயில்வேயில் முப்பது வருடம் கிளார்க்காக இருந்து பென்சன் எடுத்தவர் அவர்.

"ஊரே அரிசிக் கிடங்கை உடைக்குது. உன்ர தம்பி ஆரோ துப்பின சளியைக் குழாயில அடைச்சுக்கொண்டு வந்திருக்கிறான் பிள்ளை!"

தங்கரத்தினத்துக்குச் சுருக்கென்றது. தம்பியை யாரும் ஒரு சொல் சொல்ல அவள் பொறுத்ததில்லை. அம்மா போனபோது அவளுக்குப் பதினொரு வயது, அவனுக்கு இரண்டு. ஐந்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அவனைத் தூக்கி இடுப்பில் வைத்தவள். அப்பாவும் கண்ணை மூடிய பிறகு, வந்த சம்பந்தங்களையெல்லாம் "அவன் படிச்சு முடியட்டும்" என்று திருப்பி அனுப்பினாள். அவன் சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் பண்ணி, பதினெட்டு வயதில் பயிர் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் உதவியாளனாகச் சேர்ந்தான். ரப்பர் மரங்களுக்கு நடுவே மண்ணை மூடிப் படரும் கொடிகளின் வேரை ஆராய்வது அங்கே இருந்த துரையின் வேலை. வெயிலில் தோண்டுவதும், வேரைக் கழுவுவதும், கிருமியைப் பிரித்தெடுப்பதும் தியாகராசாவின் வேலை. துரை அச்சடித்த ஆராய்ச்சிக் கட்டுரையின் பதினான்காம் பக்கத்தில், கீழிருந்து மூன்றாம் வரியில், அவனுக்கு நன்றி சொல்லியிருந்தார். அவளுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்த வரி இருக்கும் இடம் தெரியும். கட்டுரையை வெள்ளைத் துணியில் சுற்றி அம்மாவின் கூறைச்சேலைக்கு மேலே வைத்திருந்தாள்.

அன்று பின்னேரம் அவன் பின்வளவில் நின்ற பயற்றங்கொடி ஒன்றை வேரோடு கிளப்பி, தண்ணீரில் மண்ணை அலசி அவளிடம் நீட்டினான். வேர் முழுவதும் கடுகளவும் மிளகளவுமாக முடிச்சுகள்.

"பூச்சி பிடிச்சிருக்கு," என்றாள்.

"எல்லாரும் அப்பிடித்தான் நினைக்கிறது." பிளேடால் ஒரு முடிச்சை இரண்டாக வகுந்தான். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது.

"ஐயோ, இரத்தமோடா?"

"இரத்தத்துக்கு உறவுக்காரன் எண்டு வையுங்கோ. இதுக்குள்ள கோடிக்கணக்கில பாக்டீரியா குடியிருக்கு. காத்தில இருக்கிற சத்தைப் பிடிச்சுக் கொடிக்குக் குடுக்கும். கொடி இதுக்குச் சீனி குடுக்கும்."

"அப்ப ஆர் வீட்டுக்காரன், ஆர் குடியிருக்க வந்தவன்?"

"அதைத்தான் ஒன்பது வருசமாப் பாக்கிறன்," என்று சிரித்தான்.

பன்னிரண்டு குழாயில் பன்னிரண்டு வகை. நிலையத்தில் எல்லாவற்றையும் கொட்டிக் கண்ணாடியைக் கழுவிவைக்கச் சொல்லிவிட்டார்கள். அவன் கொட்டவில்லை. மற்றப் பதினொன்றும் துரையின் தோட்டங்களில் எடுத்தவை. உலகத்தில் வேறு எங்காவது இருக்கக்கூடும். ஏழாம் நம்பர் அவனுடையது. சுங்கை பீசிப் பக்கம் ஈயலம்பத்தில், ஈயத்தை அலசி எடுத்தபின் கொட்டிய வெள்ளை மணல் மேட்டில், புல்லும் முளைக்காத இடத்தில் ஒரே ஒரு காட்டுப் பயற்றங்கொடி பச்சைப்பசேலென்று நிற்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்டு, அதன் வேரிலிருந்து எடுத்தான். துரை அதைப் பார்க்க நேரமில்லாமல் கப்பலேறிவிட்டார்.

அந்த வருடமே அவன் அதை அவளுக்கு நிரூபித்துக் காட்டினான். இரண்டு பெயின்ட் தகரம். இரண்டிலும் ஈயலம்ப மணல். இரண்டிலும் கச்சான் விதை, அதாவது நிலக்கடலை. ஒன்றின் விதையை மட்டும் ஏழாம் நம்பரில் தோய்த்து நட்டான். ஆறு கிழமையில், நாற்பத்திரண்டே நாளில், தோய்க்காத கச்சான் மஞ்சள்காமாலைக்காரன்போல் ஆகிவிட்டது. தோய்த்தது கறுத்த பச்சை. கடைசியில் முப்பத்தொரு காய். மற்றத் தகரத்தில் இரண்டு, அதுவும் பொக்கு. தங்கரத்தினமே எண்ணினாள், இரண்டாம் முறையும் எண்ணினாள். எண்ணி முடிந்ததும் அவன் இரண்டு தகரத்து மணலையும் அடுப்பில் வறுத்துத்தான் கொட்டினான். ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாதாம்.

"அக்கா, இந்தக் கோலாலம்பூரைச் சுத்தி எவ்வளவு ஈயமணல் சும்மா கிடக்குது? அவ்வளவிலயும் கச்சான் போடலாம். மரவள்ளிக்கிழங்கைத் திண்டு சனம் வீங்கிச் சாகத் தேவையில்லை."

அரிசி அப்போதே குறையத் தொடங்கியிருந்தது. அவன் புது அதிகாரியிடம் போய்ச் சொன்னான். அதிகாரி முழுவதும் கேட்டுவிட்டு, முதலில் கிழங்கு, பிறகு பார்க்கலாம் என்று அவனை மரவள்ளித் தடி எண்ணும் வேலையில் போட்டார். ஏழாம் நம்பர் சமையலறை அலுமாரியின் கீழ்த்தட்டில் காலம் பார்த்துக் காத்திருந்தது.

காத்திருப்பது சும்மா இல்லை. ஆறு கிழமைக்கு ஒருமுறை பழைய குழாயிலிருந்து புதுக் கஞ்சிக்கு மாற்றாவிட்டால் பட்டினியில் செத்துவிடும். கடற்பாசியை நனைத்துக் காய்ச்சி, சீனி போட்டு, அப்பத்துக்குப் புளிக்கவைக்கும் ஈஸ்டை அவித்து வடித்த தண்ணீர் சேர்த்து, நிலையத்திலிருந்து கொண்டுவந்து சேர்த்த வெறுங்குழாய்களில் ஊற்றிப் பஞ்சடைக்க வேண்டும். பிறகு இடியப்பப் பானையில் அவிப்பது. ஒருநாள் அவித்தால் போதாது. தப்பிய கிருமி மறுநாள் முளைக்கும். அதைக் கொல்ல மறுநாள், அதற்கும் மறுநாள். மூன்று நாள். கம்பியைச் சுடரில் செந்தணலாக்கி, பத்து எண்ணி ஆறவிட்டு, பழையதில் தொட்டுப் புதியதில் இழுக்க வேண்டும். அந்த நேரம் பேசக் கூடாது, கதவு திறந்திருக்கக் கூடாது.

தங்கரத்தினத்தின் கைக்கு இந்த வேலை பிறந்ததுபோல இருந்தது. கஞ்சி காய்ச்சுவது, அவிப்பது, நம்பர் ஒட்டுவது, நாட்காட்டியில் தேதி குறிப்பது எல்லாம் அவள். எந்தக் குழாயில் தொடுவது என்பதை மட்டும் தியாகராசா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தானே எடுத்தான். அவன் பார்க்கும்போது அவள் கம்பியைச் சூடாக்கிக்கொண்டிருப்பாள். அதனால் அவன் எதைப் பார்க்கிறான் என்று அவள் பார்த்ததில்லை.

ஒன்றை மட்டும் அவன் சொல்லியிருந்தான். ஒரு சின்னப் போத்தலில் சிவப்புச் சாயம் இருந்தது. அதில் ஒரு துளியைக் கஞ்சியில் கலப்பார்கள். "எங்கட ஆள் சிவப்பைக் குடிக்க மாட்டான் அக்கா, வெள்ளையாவே இருப்பான். சிவப்பைக் குடிச்சால் கள்ளன் பூந்திட்டான் எண்டு அர்த்தம்."

1943 ஜூன் பதினான்காம் தேதி, திங்கட்கிழமை, அலுவலகத்துக்குப் போனவனை அங்கேயே பெயர் வாசித்து வைத்துக்கொண்டார்கள். சயாமில் ரயில்பாதை போடும் இடத்தில் காய்ச்சல்காரருக்கு மருந்து கொடுக்க ஆள் வேண்டுமாம். மருந்துச்சாலையில் வேலை செய்தவன், ஆராய்ச்சிசாலையில் குழாய் கழுவியவன், எல்லாரும் ஒரே பட்டியல். மூன்று மாதம் என்றார்கள். உடுப்பு எடுக்க ஒரு மணி நேரம் விட்டார்கள்.

அந்த ஒரு மணி நேரத்தில் அவன் உடுப்பு எடுக்கவில்லை. அவள்தான் இரண்டு சாரத்தையும் ஒரு கம்பளியையும் மடித்து வைத்தாள். அவன் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தான். பதினொரு கட்டளை, அவள் வாசிப்பதற்காக ஒவ்வோர் எழுத்தையும் பிரித்துப் பெரிதாக எழுதினான். கடற்பாசி எவ்வளவு, சீனி எவ்வளவு, எத்தனை நாள் அவிப்பது. எட்டாவது: சிவப்புச் சாயத்தை ஏழாம் நம்பருக்கு மட்டும் பாவிக்கவும். ஒன்பதாவது: கழிக்கும் குழாய்களை ஒரு மணித்தியாலம் அவித்த பின்பே கொட்டவும்.

"மற்றது எது செத்தாலும் பரவாயில்லை, அக்கா. ஏழாம் நம்பரை மட்டும் விட்டிடாதேங்கோ."

"நீ போய் வா தம்பி. நான் இருக்கிறன்தானே."

லோரியில் ஏறும்போது கந்தப்பு தன் பழைய தொப்பியை அவன் தலையில் வைத்தார். "சயாமில நல்ல அரிசி இருக்காமடா. உன்ர அக்காவுக்கும் எனக்கும் ஒரு மூட்டை கொண்டு வா." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜூலை பத்தாம் தேதி, சனிக்கிழமை, தங்கரத்தினம் முதன்முதலாகத் தனியே மாற்றினாள். கதவைச் சாத்தி, தலையைத் துணியால் இறுகக் கட்டி, சுவாமிப் படத்துக்கு முன் ஏற்றும் விளக்கைப்போல் ஸ்பிரிட் விளக்கை ஏற்றினாள். ஒவ்வொரு நம்பருக்கும் மூன்று புதுக் குழாய். ஆறு கிழமை கழித்து அந்த மூன்றில் ஒன்றை எடுத்து அடுத்த மூன்றுக்கும் தாயாக்க வேண்டும். கொப்பியை எடுத்துப் பதினொரு கட்டளையையும் இரண்டு தரம் வாசித்தாள். மூன்றில் எதை எடுப்பது என்று அதில் இல்லை.

ஆனால் அதற்கு யாரிடம் கேட்க வேண்டும்? தயிருக்கு உறை எடுக்கத் தெரியாத பெண்பிள்ளை உண்டா? நன்றாகக் கட்டியாய் உறைந்த சட்டியிலிருந்து எடுப்பார்கள். தண்ணீராய் ஓடுகிற சட்டியிலிருந்து எடுத்தால் நாளைய தயிரும் தண்ணீர்தான். இருபத்தைந்து வருடமாக அவள் வீட்டில் ஒருநாள்கூடத் தயிர் பிழைத்ததில்லை. மூன்று குழாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆகத் தடிப்பாக வளர்ந்ததைத் தாயாக எடுத்தாள். மற்ற இரண்டையும் ஒன்பதாவது கட்டளைப்படி ஒரு மணித்தியாலம் அவித்துக் கொட்டினாள்.

முதல் நான்கு முறையும் ஏழாம் நம்பர் வெள்ளையாகவே இருந்தது. நவம்பரில் சாயப் போத்தல் காலியாயிற்று. போத்தலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அவன் போய் மூன்று மாதம் அல்ல, ஐந்து மாதம் ஆகியிருந்தது.

1944 பிப்ரவரியில் ஒரு நல்ல செய்திபோல அது வந்தது. ஏழாம் நம்பரின் ஒரு குழாயில், எப்போதும் எட்டு ஒன்பது நாள் கழித்து மெல்லிய ஈரம்போலத் தலைகாட்டுவது, இரண்டே நாளில் பாலாடைபோல் திரண்டு நின்றது. மற்ற இரண்டும் வழக்கம்போல் சோம்பிக் கிடந்தன. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கை பழகிவிட்டது என்று நினைத்தாள். கந்தப்புவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"என்ன பிள்ளை, வீட்டில நீ எலும்பும் தோலும். உன்ர பிள்ளையள் மட்டும் கொழுக்குதுகள்!"

"தம்பி வந்து பாக்கட்டும் அண்ணை. துரையின்ர சாலையிலகூட இப்பிடி வந்திருக்காது."

அடுத்த தரம் அந்தக் கொழுத்த குழாய்தான் தாய். மூன்று குழாயும் கொழுத்தன. வருடம் முடிவதற்குள் பன்னிரண்டு நம்பரும் அப்படியே ஆயின.

கொழுக்கவைத்தது அவளுடைய பங்குச் சீனி. அவள் வெறும் தண்ணீரில் தேயிலை போட்டுக் குடித்தாள். சீனி நின்றபோது பின்வளவில் கரும்பு நட்டுச் சாறு பிழிந்து ஊற்றினாள். அவள் குடித்துவந்த அரிசிக் கஞ்சி கிழங்குக் கஞ்சியாயிற்று. காலையில் பாதத்தில் விரலை அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. சயாமிலிருந்து ஒரு வரி வரவில்லை. போனவர்கள் காட்டில் குவியலாய்ச் செத்துக்கிடக்கிறார்கள் என்று சந்தையில் யாராவது சொன்னால் அவள் காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு வந்து நாட்காட்டியைப் பார்ப்பாள். அடுத்த சனிக்கிழமைக்கு இன்னும் இத்தனை நாள். அந்தத் தேதி இருக்கும்வரை தம்பி இருக்கிறான்.

1944 ஆகஸ்டில் கடற்பாசி தீர்ந்தது. கோலாலம்பூரில் ஒரு கடையிலும் இல்லை. கிள்ளானில் ஜபருல்லா என்ற ஜவுளிக்காரரிடம் இருக்கலாம், நோன்புக்காக வைத்திருப்பார் என்று யாரோ சொன்னார்கள். கந்தப்பு கெஞ்சிக் கூத்தாடி, கரி ஏற்றும் லோரி ஒன்றில் அவளுக்கு இடம் பிடித்துக் கொடுத்தார்.

ஜவுளிக்கடையில் துணி இல்லை. வெறும் தட்டுகளுக்கு நடுவே ஜபருல்லா உட்கார்ந்திருந்தார்.

"கடப்பாசியா? அக்கா, நோன்பு தொறக்கக் கொஞ்சம் வச்சிருக்கேன். அது வீட்டு ஆளுங்களுக்கே பத்தாது. யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கில்லை. என்ர தம்பியைச் சயாமுக்குக் கொண்டு போயிட்டாங்கள். அவன் வளத்த ஒண்டு வீட்டில இருக்கு. வேரில இருக்கிற கிருமி. அவன் வரும்வரைக்கும் அது சாகக் கூடாது. அதுக்குச் சாப்பாடு இதுதான்."

சொல்லி முடித்ததும் அவளுக்கே வெட்கமாக இருந்தது. பசியில் சனம் செத்துக்கொண்டிருக்கக் கிருமிக்குச் சாப்பாடு கேட்டு வந்திருக்கிறாள். ஜபருல்லா சிரிக்கவில்லை.

"எம் மவன் கௌஸையும்தான் புடிச்சிட்டுப் போனானுங்க. பதிநாலு மாசம் ஆச்சு. அவன் சட்டை ஒன்னு ஆணியில தொங்குது. அவங்க அம்மா அதைத் தொவைக்க விட மாட்டேங்கிறா." எழுந்து உள்ளே போய், காகிதத்தில் பொதிந்த கடற்பாசியைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார். "கொண்டு போங்க. நாங்க தண்ணி குடிச்சு நோன்பு தொறந்துக்கிறோம்."

அந்தப் பொதி ஒரு வருடத்துக்கு வந்தது.

ஜப்பான்காரன் தோற்றான். வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். 1945 அக்டோபர் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, வாசலில் ஒரு ரிக்ஷா நின்றது. அதிலிருந்து ஒரு கிழவனை இறக்கினார்கள் என்றுதான் தங்கரத்தினம் நினைத்தாள். இடது காலில் முழங்காலுக்குக் கீழே சதை இல்லை, புண் தின்றுவிட்டிருந்தது. கந்தப்பு கொடுத்த தொப்பியின் விளிம்பு மட்டும் தலையில் இருந்தது.

"அக்கா," என்றான். பிறகு, வீட்டுப்படி ஏறுவதற்கு முன்பே, "ஏழு இருக்குதோ?" என்றான்.

"இருக்குதடா! எல்லாம் இருக்குது!"

அவனைக் கட்டிலில் சாய்த்துவிட்டு, கஞ்சி வைக்கக்கூட மறந்து, பிஸ்கட் தகரத்தைத் தூக்கி வந்தாள். பன்னிரண்டு நம்பர், முப்பத்தாறு குழாய், ஒவ்வொன்றிலும் தேதி. ஏழாம் நம்பரை எடுத்து அவன் கையில் வைத்தாள். அவன் அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். வெகுநேரம் பிடித்தான். எட்டாம் நம்பரை வாங்கிப் பார்த்தான். மூன்றாம் நம்பரை வாங்கிப் பார்த்தான். ஒன்றின் பஞ்சை எடுத்து முகர்ந்தான்.

"எத்தனை நாளில இப்பிடி வருது?"

"ரெண்டே நாள்!" அவள் குரலில் இருபது சனிக்கிழமையின் பெருமையும் இருந்தது. "துரை வந்தால் காட்டு தம்பி. இருபது தரம் மாத்தியிருக்கிறன், ஒரு தரமும் பிந்தேல்லை."

"நல்லா வைச்சிருக்கிறியள் அக்கா," என்றான். குழாயைத் தகரத்தில் திரும்ப வைத்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். களைப்பு என்று அவள் நினைத்தாள்.

இரண்டு நாள் கழித்து, கந்தப்புவிடம் ஈயலம்ப மணல் கொண்டுவரச் சொல்லி, அதை வறுத்துப் பதின்மூன்று தகரத்தில் நிரப்பிக் கச்சான் போட்டான். ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு தகரம்; ஒன்று சும்மா. அக்டோபர் இருபத்தேழில் அவள் வழக்கம்போல் மாற்றினாள். அவன் கட்டிலில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தடித்ததில் கம்பியைத் தொட்டபோது மட்டும் கண்ணை மூடிக்கொண்டான்.

நிலையத்தைத் திறந்திருந்தார்கள். யுத்தத்தில் தப்பிய கிருமி வகை யாரிடமாவது இருந்தால் கொண்டுவந்து ஒப்படைக்கும்படி புதுத் துரை ஒருவர் பழைய வேலையாட்களுக்குக் கடிதம் அனுப்பினார். அதைக் கந்தப்பு வாசித்துக் காட்ட, தங்கரத்தினத்தின் கண் நிறைந்தது. "எப்ப கொண்டு போறாய்?" என்று தினமும் கேட்டாள். "கச்சான் வளரட்டும்," என்றான்.

கச்சான் வளரவில்லை. ஐந்தாம் கிழமையிலேயே பதின்மூன்று தகரமும் ஒரே மஞ்சள். அவள் தினமும் தண்ணீர் ஊற்றினாள், நிழல் மாற்றிப் பார்த்தாள். நவம்பர் இருபத்திரண்டாம் தேதி, நாற்பத்திரண்டாம் நாள், ஏழாம் நம்பர்த் தகரத்துச் செடியை அவளே பிடுங்கி வாளித் தண்ணீரில் அலசினாள். வேர் தலைமயிர்போல் நீளமாக, வழுவழுப்பாக இருந்தது. ஒரு முடிச்சு இல்லை. ஆறாம் நம்பரைப் பிடுங்கினாள். ஐந்து. ஒன்பது. பதின்மூன்றையும் பிடுங்கி, ஈர வேர்களைக் கையில் கொத்தாகப் பிடித்துக்கொண்டு கட்டிலடியில் வந்து நின்றாள்.

"உனக்கு வந்த அண்டைக்கே தெரியுமோ?"

"தெரியும்."

"பேந்து ஏன் நட்டனீ?"

"ஒண்டெண்டாலும் தப்பியிருக்குமோ எண்டு." அவன் மெதுவாக எழுந்து உட்கார்ந்தான். "மூண்டில எதை எடுத்தனீங்கள் அக்கா?"

"நல்லா வளந்ததை. தயிருக்கு எடுக்கிற மாதிரி."

தியாகராசா தலையை ஆட்டினான். "எங்கட ஆள் சோம்பேறி. எட்டு நாள் கழிச்சுத்தான் வெளியில வருவான், அதுவும் மெல்லிசா. ரெண்டு நாளில பொங்கிறது காத்தில வந்து விழுந்த கள்ளன்."

"அப்ப நான் கழிச்சது..."

"அதுதான் ஏழு."

தங்கரத்தினம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவன் திடீரென்று அவள் கையைப் பிடித்தான். வந்த நாளிலிருந்து அவன் கண்ணில் இல்லாத ஒரு வெளிச்சம் அப்போது இருந்தது.

"கழிச்சதை எங்கை கொட்டினனீங்கள்? பின்வளவிலயோ? மண்ணில விழுந்திருந்தால் உசிரோட கிடக்கும் அக்கா! அந்த இடத்தில பயறு போட்டால் வேரில பிடிக்கும், பேந்தும் எடுக்கலாம்..."

"பின்வளவிலதான். ஆனால் நீ எழுதினியே. ஒன்பதாவது. அவிச்சுத்தான் கொட்டினன்."

"எல்லாத் தரமுமோ?"

"எல்லாத் தரமும்."

"விறகில்லாத நாளிலயும்? ஒரு நாளாவது மறந்து?"

அவள் மறந்ததே இல்லை. பொய் சொல்லலாமா என்று ஒருகணம் நினைத்தாள். வாய் வரவில்லை. "இல்லையடா தம்பி. ஒரு நாளும் மறக்கேல்லை."

அவன் அவள் கையை விடவில்லை. "சயாமில பக்கத்தில படுத்தவன் ஒவ்வொருத்தனாச் செத்தாங்கள். ஏழு வீட்டில இருக்கு, அக்கா பாத்துக்கொள்ளுவா எண்டு நினைச்சுக்கொண்டுதான் நான் காலையில எழும்பினது." மற்றக் கையால் அவளிடமிருந்த வேர்க்கொத்தை வாங்கித் தரையில் வைத்தான். "நான்தான் எழுத மறந்தனான் அக்கா. பதினொண்டு எழுதினன், பன்னிரண்டாவதை விட்டிட்டன். உங்களில பிழையில்லை." அவன் அப்படிச் சொன்னது அவளுக்கு எதையும் குறைக்கவில்லை.

மறுநாள் கந்தப்பு சைக்கிளில் சுங்கை பீசிக்குப் போய்ப் பார்த்துவந்தார். தியாகராசா படம் வரைந்து இடம் காட்டி அனுப்பியிருந்தான். மணல் மேடு இல்லை. யுத்தத்தில் பம்பு நின்று ஈயலம்பக் குழியில் தண்ணீர் ஏறி, கரை இடிந்து, மேடு முழுவதும் குளத்துக்குள் போயிருந்தது. கந்தப்பு வாசலில் நின்றே அதைச் சொன்னார். பகிடி ஒன்றும் விடவில்லை.

புதுத் துரைக்குத் தியாகராசா கடிதம் எழுதினான். என்ன எழுதினான் என்று அவள் கேட்கவில்லை. நாலே வரி என்பதைப் பார்த்தாள். பதிலுக்கு நன்றி என்று ஒரு தாள் வந்தது. வேலை பற்றி அதில் ஒன்றும் இல்லை. அந்தக் காலோடு அவனால் தோட்டத்தில் நடக்கவும் முடியாது.

டிசம்பர் எட்டாம் தேதி, சனிக்கிழமை. வருடக் கடைசிவரைக்கும் தேதிகளை அவள் முன்கூட்டியே நாட்காட்டியில் குறித்து வைத்திருந்தாள். விடிந்ததும் எழுந்து, குளித்து, தலையைத் துணியால் கட்டி, இடியப்பப் பானையில் தண்ணீர் வைத்து அடுப்பை மூட்டினாள். கதவைச் சாத்தினாள். தண்ணீர் கொதித்து மூடி தாளம் போட்டபோதுதான் ஞாபகம் வந்தது.

முப்பத்தாறு குழாயையும் எடுத்துப் பானைக்குள் ஒவ்வொன்றாக இறக்கினாள். ஒரு மணித்தியாலம் அவித்தாள். பிறகு கொட்டி, சாம்பல் போட்டுத் தேய்த்து, கழுவி, வெள்ளைத் துணியில் வாய் கீழாக வரிசையாக அடுக்கினாள். ஏழாம் நம்பர் ஒட்டியிருந்த மூன்று தாளும் வெந்நீரில் தாமாகவே உரிந்து மிதந்தன.

உள்ளே கட்டிலிலிருந்து தியாகராசா கேட்டான், "என்ன சத்தம் அக்கா?"

"ஒண்டுமில்லை. சனிக்கிழமை," என்றாள்.